சீனிக்கு இரண்டு மார்க்

கிருஷ்ணவேணியிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. வேலை நடந்துவிடும், அதில் சந்தேகமே வேண்டாம். நடந்து முடிந்த பிறகு என் மேசைக்கு எதிரே வந்து நிற்பாள். "அண்ணாச்சி, இதுல ஒண்ணு கேக்கணும்" என்பாள். உட்காரச் சொன்னால், "நீங்க பதில் சொல்லுங்க, உக்காருதேன்" என்பாள். எனக்குப் பதில் தெரியாத கேள்வியாகப் பொறுக்கித்தான் கொண்டுவருவாள் என்பதால், கூட வேலை பார்த்த காலத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு.

1999இல் கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கடைக்கு மேலே வாடகை மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. வயதானவர்களுக்கு ஞாபகம் எப்படிக் குறைகிறது என்று பார்க்க மதுரை டாக்டர்கள் சிலர் நடத்திய கணக்கெடுப்பு அது. அறுபது தாண்டியவர்களை வீடு தேடிப் போய்ச் சோதிக்க வேண்டும். நான்கு பெண்கள் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதி வருவார்கள். சௌந்தரபாண்டியன் என்கிற நான் அந்தத் தாள்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன். வாத்தியார் வேலைக்குப் படித்து, வேலை கிடைக்காமல், சிவப்பு மைப் பேனா மட்டும் கிடைத்தவன். அந்தப் பேனாவைக் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கிருஷ்ணவேணிக்குச் சொந்த ஊர் கழுகுமலை. சிறு வயதிலேயே தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கப் போனவள். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர், உட்கார ஒரு நாற்காலி இருக்காது. அவள் நின்றே பேசுவதற்கு அதுதான் காரணமோ என்னவோ. கல்யாணம் ஆன பிறகு அறிவொளி வகுப்புக்கு எழுத்துப் படிக்க வந்தாள். ஆறு மாதத்தில் அங்கேயே பாடம் நடத்த ஆரம்பித்தாள். அப்புறம் தனியாகப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கட்டி, இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை தேறினாள். லாரி ஓட்டப் போன புருஷன் வடக்கே எங்கோ தங்கிவிட்டான். யாராவது அதைப் பற்றி இழுத்தால், "வந்தா வரட்டும், எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

சோதனைக்கு மொத்தம் முப்பது மார்க். பதினெட்டோ அதற்கு மேலோ வாங்கினால் பயமில்லை. குறைந்தால் ஞாபகக் குறைவு. எதுவானாலும் அதை எழுதி வீட்டாரிடம் ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும். கேள்விகள் எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்து யோசித்தவை. "இப்போது எத்தனையாவது மாடியில் இருக்கிறீர்கள்?" என்று ஓலைக் கூரைக்குக் கீழே குனிந்து நின்று கேட்க வேண்டியிருக்கும். "இது என்ன பருவம்?" என்று கேட்டதற்கு எட்டயபுரம் பக்கத்தில் ஒரு பெரியவர், "மழ பெஞ்சா மழக்காலம்னு சொல்லலாம். பெய்யலையே, நான் என்னன்னு சொல்ல?" என்று திருப்பிக் கேட்டார். மார்க் போடுவதா வேண்டாமா என்று நான் அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

முக்கியமான கேள்வி மூன்று சொற்கள். அவற்றைச் சொல்லி, உடனே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிஷம் வேறு பேச்சுப் பேசிவிட்டு மறுபடியும் கேட்க வேண்டும். சொல்லுக்கு ஒரு மார்க், இரண்டு தடவைக்கும் சேர்த்து ஆறு. மதுரையிலிருந்து வந்த பட்டியலில் ஏதோ ஒரு பழத்தின் பெயர் இருந்தது, எங்கள் கரிசல்காட்டில் பாதிப் பேர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. பயிற்சிக் கூட்டத்தில் நான் எழுந்து, எல்லார் வீட்டிலும் உள்ள பொருளாகப் போடலாம் என்று யோசனை சொன்னேன். டாக்டர் கிருஷ்ணராஜ் என்னைப் பாராட்டி அப்படியே மாற்றினார். குதிரை, சீனி, விளக்கு. சீனி என்னுடையது. ஒரு வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அந்த ஆவணியில் கிருஷ்ணவேணி குளத்தூருக்குப் போனாள். அங்கே அவள் சோதிக்க வேண்டியிருந்த செண்பகவல்லிக்கு அறுபத்தெட்டு வயது. ஆடு வளர்க்கிற குடும்பம், அவளே பதினான்கு ஆடுகளைக் காட்டுக்குப் பத்திக்கொண்டு போய் வருகிறவள். புருஷன் முப்பது வருஷம் உப்பளத்தில் வேலை பார்த்து, பாதம் வெடித்து, கம்பு ஊன்றி நடக்கிறவர். ஒரே மகன் கண்ணபிரான் கோவில்பட்டியில் நூல் மில்லில் வேலை. அம்மா இரண்டு தடவை அடுப்பில் உலையை வைத்து மறந்துவிட்டாள் என்று அவனுக்குக் கவலை. சோதனை நடக்கிறது என்று கேள்விப்பட்டு லீவு போட்டு வந்திருந்தான்.

"குதிரை, சீனி, விளக்கு. திருப்பிச் சொல்லுங்க ஆச்சி" என்றாள் கிருஷ்ணவேணி.

"குதிர, வெளக்கு" என்று சொல்லிவிட்டுச் செண்பகவல்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னொண்ணு இருக்குல்லா?"

"அது காப்பிக்குப் போடுறது."

"பேரு?"

"அதான் சொன்னேம்லா, காப்பிக்குப் போடுறது."

சொன்ன சொல்லையே திருப்பிச் சொன்னால்தான் மார்க் என்பது விதி. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோதும் அதே பதில். கிருஷ்ணவேணி இரண்டு இடத்திலும் பெருக்கல் குறி போட்டாள். கூட்டிப் பார்த்தால் பதினேழு. சீட்டை எழுதி மகனிடம் கொடுத்தாள்.

அவன் படித்துவிட்டு, "இனிம யோசிக்க ஒண்ணுமில்ல. அடுத்த மாசம் ஆட்ட எல்லாம் குடுத்துட்டு அம்மையக் கோவில்பட்டிக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்" என்றான். கெட்ட பிள்ளை இல்லை, பயந்த பிள்ளை. ஆனால் அவன் இருந்தது பத்துக்குப் பத்து வரிசை வீட்டில். ஆடு இல்லாமல் அந்த அறைக்குள் செண்பகவல்லி என்ன செய்வாள் என்று அவனும் யோசிக்கவில்லை, எங்கள் சீட்டிலும் அதற்கு இடமில்லை. அவள் எழுந்து வந்து கிருஷ்ணவேணியின் கையைப் பிடித்து, "ஏட்டி, என்னத்த எழுதிக் குடுத்த? நான் எங்கனயும் போக மாட்டேன்" என்றாள். அந்தப் பிடி வளையலோடு சேர்த்து இறுக்கியதாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் கிருஷ்ணவேணி மடியில் தாளை வைத்து முதலிலிருந்து படித்துக்கொண்டே வந்தாள். முதல் பக்கம் மூன்றாம் வரி, கணவர் பெயர். ஆச்சி அதைச் சொல்லவில்லை, மகன்தான் சொன்னான். சீனி.

பஸ் நிலையத்திலிருந்து நேரே ஆபீஸுக்கு வந்து நின்றாள். "அண்ணாச்சி, உங்க அம்மா உங்க அப்பா பேரச் சொல்லுவாவளா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. என் அப்பா பெயர் சாமித்துரை. ஊரே சாமி கும்பிடப் போகும், என் அம்மா மட்டும் கோயிலுக்குப் போய்விட்டு வருவாள். சாமி என்ற சொல் அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. ஆபத்துக்குக்கூட அம்மனைத்தான் கூப்பிடுவாள். இதையெல்லாம் ரசித்துச் சொல்லிக்கொண்டே வந்தவன், அவள் இரண்டு பக்கத்தையும் அருகருகே விரித்து வைத்ததும் நிறுத்தினேன். எனக்கு வெட்கமாகப் போயிற்று. பட்டியலில் அந்தச் சொல்லைப் போட்டவனே நான்.

"நான் மொதல்லயே கண்டுபிடிச்சிருக்கணும். எனக்கு எம் புருஷன் பேர நடுரோட்டுல நின்னு சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சு. அதான் தோணல" என்றாள்.

இருந்தாலும் நான் விதியைப் பிடித்துக்கொண்டேன். போட்ட மார்க்கை மாற்ற எனக்கு அதிகாரமில்லை, மாற்றினால் அவள் வேலையும் போகும் என் வேலையும் போகும் என்றேன். அவள் வாதாடவில்லை. அடுத்த பத்து நாள் ஊர் வேலை முடிந்து வந்த பிறகு, அதுவரை சேர்ந்திருந்த அறுநூறு தாளையும் அலமாரியிலிருந்து இறக்கி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சீனி, சீனிவாசன், சீனிப்பாண்டி என்று புருஷன் பெயர் உள்ள பெண்கள் பதினோரு பேர். அதில் எட்டுப் பேர் அந்த ஒரு சொல்லில்தான் தவறியிருந்தார்கள். எட்டுத் தாளிலும் சரிபார்த்ததாக என் கையெழுத்து இருந்தது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை டாக்டர் வந்தார். அந்தப் பதினோரு தாளையும் அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றாள். அவர், பார்க்கிறேன் என்றார். அவள் நகரவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டு வந்தார், அவள் நின்றுகொண்டிருந்தாள். "உட்காரும்மா" என்றார். "பதில் சொல்லுங்க சார், உக்காருதேன்" என்றாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தாள்களை மறுபடியும் முழுதாகப் படித்தார். நடுவில் சொற்களை மாற்ற முடியாது, ஆனால் இப்படிப்பட்டவர்கள் பொருளை வேறு விதமாகச் சொன்னால் மார்க் உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். செண்பகவல்லிக்குப் பத்தொன்பது ஆயிற்று. புதுச் சீட்டைத் தபாலில் அனுப்பலாம் என்றேன். கிருஷ்ணவேணி கேட்காமல் பஸ் ஏறிக் குளத்தூரில் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். மகன் ஆட்டை விற்கவில்லை.

அந்தக் கதையை நான் அதற்குப் பிறகு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் என் பங்கு கொஞ்சம் கூடிக்கொண்டே போனது.

2001 தை மாதம் இரண்டாம் சுற்று. அதே ஆட்களை அதே கேள்விகளோடு மறுபடி பார்க்க வேண்டும். குளத்தூர்த் தாள் என் மேசைக்கு வந்தது. செண்பகவல்லி, பதினெட்டு. கோட்டுக்கு மேலேதான். மூன்று சொல்லையும் உடனே திருப்பிச் சொல்லியிருந்தாள். ஐந்து நிமிஷம் கழித்துக் குதிரையும் விளக்கும் மறந்துபோய்விட்டன, சீனி மட்டும் நின்றது. போன தடவை தவறிய கிழமையை இந்தத் தடவை சரியாகச் சொல்லியிருந்தாள்.

"பாத்தியா, இந்தத் தடவ காப்பிக்குப் போடுறது இல்ல, சீனின்னே சொல்லிட்டாவ! ரெண்டு மார்க்கும் சுத்தமா இருக்கு" என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

கிருஷ்ணவேணி நின்றுகொண்டிருந்தாள். "அதத்தான் அண்ணாச்சி கேக்கணும். அம்பது வருஷமாச் சொல்லாத பேரு. பக்கத்துலயே அவிய உக்காந்திருக்காவ. கூச்சமே இல்லாம ரெண்டு தடவயும் சொன்னா."

"மார்க் கொறையலையே?"

"மார்க் கொறையல. ஆச்சி கொறஞ்சிட்டா. எனக்குப் பயமா இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. இந்த இரண்டு மார்க்குக்காக ஆபீஸையே தலைகீழாகப் புரட்டியவள் இவள். "நீதான வாங்கிக் குடுத்த? இப்ப நீயே பிடுங்கச் சொல்லுதியா?" என்று கத்தினேன்.

"ஆமா. நாந்தான் வாங்கிக் குடுத்தேன். அதனால நாந்தான் கேக்கணும்" என்றாள்.

பிறகு மற்றதையும் சொன்னாள். போன வாரம் செண்பகவல்லி ஆடுகளைக் காட்டில் விட்டுவிட்டு, கடற்கரைச் சாலை ஓரமாகத் தனியாக நடந்து போய்விட்டாள். உப்பு லாரிக்காரன் ஒருவன் அடையாளம் கண்டு ஏற்றிவந்து விட்டான். அவள் புருஷன், பெரியவர், மகனுக்கு ஆள் சொல்லி அனுப்பினார். அவன், போன தடவை டாக்டரே சரியாக இருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்தாரே, இந்தத் தடவையும் அந்த அக்கா வந்து பார்க்கட்டும், என்ன எழுதுகிறாளோ அதன்படி செய்வோம் என்று சொல்லிவிட்டான். பதினெட்டு என்று எழுதிய தாளை வைத்துக் கிருஷ்ணவேணி சீட்டு எழுதினால், அதில் பயமில்லை என்றுதான் வரும். செண்பகவல்லி நாளைக்கும் தனியாகத்தான் போவாள். அந்த இரண்டு மார்க் இல்லையென்றால் பதினாறு.

"நான் சீட்டு எழுத மாட்டேன்" என்றாள்.

விதிப்படி எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் பயம் வந்துவிட்டது. கீழே இறங்கி பூத்தில் மதுரைக்குப் போன் போட்டேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு சொல்லை நினைவில் வைத்திருக்கிறாள் என்றால் அது நல்ல அறிகுறிதானே, வருத்தப்பட என்ன இருக்கிறது என்றார். கிருஷ்ணவேணி என் கையிலிருந்து போனை வாங்கினாள். "சார், அது நெனவு வச்ச சொல்லு இல்ல. மறந்துபோன மொற. நீங்க ஒரு தடவ வந்து கேளுங்க. கேட்டுட்டுப் பதினெட்டுதான்னு சொன்னா, நானே சீட்டு எழுதுதேன், வேலையையும் எழுதிக் குடுத்துட்டுப் போயிருதேன்." பூத்துக்காரர் மீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

வியாழக்கிழமை டாக்டர் ஜீப்பில் வந்தார். நாங்கள் மூவரும் குளத்தூருக்குப் போனோம். வழி நெடுக இரண்டு பக்கமும் கொத்தமல்லியும் மிளகாயும் அறுவடைக்கு நின்றன. கண்ணபிரானுக்கு முன்தினமே மில்லுக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம், அவனும் வந்திருந்தான். செண்பகவல்லி வேப்பமரத்தடியில் குட்டி ஒன்றுக்கு அகத்திக் குழை ஊட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. பெரியவர் கம்பை மடியில் வைத்துக்கொண்டு எதிரே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் தரையிலேயே உட்கார்ந்தார். சம்பிரதாயக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. "குதிரை, சீனி, விளக்கு. சொல்லுங்கம்மா."

"குதிர, சீனி, வெளக்கு."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் அதைப் பார்த்தார். பேனாவைப் பையில் செருகிவிட்டு, தாளில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டார். "சீனின்னா என்னம்மா?"

"சீனியா?" செண்பகவல்லி சிரித்தாள். "எங்க மாமன் மவன்லா. அவனுக்கும் எனக்கும் எப்பவும் சண்டதான். ஆட்டுக்கு வரும்போது என் கம்ப ஒளிச்சு வச்சுக்கிடுவான்."

"இப்ப எங்க இருக்காரு?"

அவள் கண் சுற்றி வந்து கட்டிலில் நின்றது. "அன்னா இருக்கான்" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

கிருஷ்ணவேணி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "உங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டா ஆச்சி?"

"பேசிக்கிட்டிருக்காவ" என்றாள் செண்பகவல்லி. "மாமா வீட்டுல இருந்து இன்னும் ஒண்ணும் சொல்லல."

நான் ஜீப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகையை அடக்க முடியவில்லை. பதினெட்டு என்று பார்த்துச் சந்தோஷப்பட்டவன் நான். ஐம்பது வருஷக் குடும்பமும், பெற்ற பிள்ளையும், அந்தப் பதினெட்டுக்குள் எங்கேயும் இல்லை. கண்ணபிரான் அம்மாவின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவனை யார் என்று கேட்க எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

டாக்டர் எழுந்து வந்து தாளில் பதினெட்டை அடித்தார். காரணத்தை அரைப் பக்கத்துக்குத் தன் கையாலேயே எழுதினார். மருந்து இருக்கிறது, அது நோயைத் திருப்பாது, கொஞ்சம் பிடித்து நிறுத்தலாம், ஆனால் இனி ஒரு நிமிஷமும் தனியாக விடக் கூடாது என்று மகனிடம் சொன்னார்.

கண்ணபிரான் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்ப ஆட்டக் குடுத்துருதேன் சார். ரெண்டு பேரையும் எங்கூடக் கூட்டிட்டுப் போயிருதேன்."

"ஏலே, சும்மா இரு" என்றார் பெரியவர். "ஆட்டக் குடுத்துட்டா அவ என்ன எங்கன வந்து தேடுவா? காட்டுலதான் தேடுவா. நீ அந்த ரூமுக்குள்ள கொண்டுபோய் வச்சா, நான் அவளுக்கு யாரோ ஒரு கெழவன்."

"உங்களால நடக்க முடியாதுப்பா."

"ஏழு ஆட்டக் குடு. மிச்ச ஏழப் பத்திக்கிட்டு நான் அவகூடப் போறேன். தூரமா வேண்டாம், கம்மாக்கரை வரைக்கும். கால் வலிச்சா உக்காந்துக்கிடுவோம். நான் இருக்கிற வரைக்கும் அவ தனியாப் போக மாட்டா." டாக்டரைப் பார்த்து, "தனியா விடக் கூடாது, அவ்வளவுதான சார்?" என்றார்.

"அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

பெரியவர் கம்பை ஊன்றி எழுந்தார். வெடித்த பாதம் நிலத்தில் பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டார். கிருஷ்ணவேணி கை கொடுக்கப் போனாள், வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, ஒவ்வொரு எட்டாக வைத்து வேப்பமரத்தடி வரைக்கும் நடந்தார். மனைவியின் எதிரே வந்து நின்றார்.

"ஏட்டி செம்பகம்."

"என்னலே?"

"மாமா வீட்டுல சொல்லியாச்சு" என்றார் சீனி. "நான் சரின்னுட்டேன்."